தடுப்பூசிக்குப் பத்து வருடம் ஏன்? பதினொரு மாதத்தில் எப்படி?

2021 தொடக்கத்தில் கொரோனா ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னபோது டீக்கடையிலிருந்து வாட்ஸ்அப் குழு வரை ஓடிய கேள்வி ஒன்று: "ஒரு தடுப்பூசி வர பத்து வருஷம் ஆகும்னு சொல்வாங்க. இது மட்டும் எப்படி ஒரே வருஷத்துல வந்துச்சு? எதையோ விட்டுட்டுத்தான் வந்திருக்கணும்." கேட்டவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று தள்ளிவிட்டவர்கள் உண்டு. எனக்கு அது நல்ல கேள்வியாகத்தான் பட்டது. அந்தப் பத்து வருடம் எதில் கரைகிறது என்று தெரிந்தால் பதிலும் தெரிந்துவிடும்.

வழக்கமான பாதை இது. ஆய்வகத்தில் ஒரு மருந்தை வடிவமைக்கிறார்கள். எலி, குரங்கு என்று விலங்குகளில் போட்டுப் பார்க்கிறார்கள். முதல் கட்டச் சோதனையில் சில பத்துப் பேருக்குப் போட்டு, ஆபத்து இல்லை என்பதையும் எவ்வளவு கொடுக்கலாம் என்பதையும் பார்ப்பார்கள். இரண்டாம் கட்டத்தில் சில நூறு பேர். மூன்றாம் கட்டத்தில் ஆயிரக்கணக்கானோர். ஊசி உண்மையிலேயே நோயைத் தடுக்கிறதா என்பது இங்கேதான் தெரியும். பிறகு அரசு அனுமதி, பிறகு தொழிற்சாலை, பிறகு விநியோகம்.

இதில் வேலை நடக்கும் நாள்களை மட்டும் கூட்டினால் பத்து வருடம் வராது. ஒரு கட்டம் முடிந்ததும் அறிக்கை எழுதுவார்கள். அடுத்த கட்டத்துக்குப் பணம் கேட்டு விண்ணப்பிப்பார்கள். பணம் போடுபவர் யோசிப்பார். பெரும்பாலான மருந்துகள் நடுவழியில் தோற்றுவிடும் என்பது அவருக்குத் தெரியும். தன்னார்வலர்கள் சேர மாதக்கணக்கில் ஆகும். கோப்பு ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் போக மேலும் சில மாதம். ஆக, காலத்தின் பெரும்பங்கை விழுங்குவது காத்திருப்பு.

இதற்கு எபோலாவைவிடக் கசப்பான சாட்சி கிடையாது. கனடாவின் வின்னிபெக் நகரில் உள்ள தேசிய நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் உருவான எபோலா தடுப்பூசி, குரங்குகளை முழுமையாகக் காப்பாற்றியது என்று 2005-இலேயே ஆய்வுக் கட்டுரை வந்துவிட்டது. அப்புறம்? ஒன்றும் நடக்கவில்லை. ஆப்பிரிக்காவில் எப்போதாவது சில கிராமங்களில் தலைகாட்டும் நோய்க்கு மருந்து செய்து யாரிடம் விற்பது என்று எந்தப் பெரிய நிறுவனமும் அக்கறை காட்டவில்லை. 2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவி, அடங்குவதற்குள் 11,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தப் பரவல் தொடங்கிய பிறகுதான் அந்த மருந்து மனிதர்களுக்கு வந்தது. 2015-இல் கினி நாட்டில் சோதனை தொடங்கிச் சில மாதங்களிலேயே அது வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டது. சோதனைக்குத் தேவைப்பட்டது மாதங்கள். அதற்கு முன்னால் சும்மா கிடந்தது ஏறக்குறைய ஒன்பது வருடம்.

கொரோனாவுக்கு முன்புவரை வேகத்தில் சாதனை என்று சொல்லப்பட்டது பொன்னுக்கு வீங்கித் தடுப்பூசி. 1963-இல் அமெரிக்க விஞ்ஞானி மாரிஸ் ஹில்லெமன், அந்த நோய் வந்த தன் மகளின் தொண்டையிலிருந்தே வைரஸை எடுத்து வளர்த்தார். 1967-இல் உரிமம் கிடைத்தது. நான்கு வருடம். கொரோனா அதை எங்கேயோ தள்ளிவிட்டது. வைரஸின் மரபணு வரிசை வெளியானது 2020 ஜனவரி 11. மாடர்னாவின் ஊசி சியாட்டிலில் முதல் தன்னார்வலருக்குப் போடப்பட்டது மார்ச் 16. மாடர்னா, ஃபைசர் இரண்டும் பெரிய சோதனையைத் தொடங்கியது ஜூலை 27. டிசம்பர் 8 அன்று இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் 90 வயது மார்கரெட் கீனனுக்கு, சோதனைக்கு வெளியே, ஃபைசரின் முதல் ஊசி போடப்பட்டது.

இந்தக் கணக்கில் ஒரு ஏமாற்று இருக்கிறது. ஜனவரி 11 என்பது தொடக்கமே அல்ல.

மாடர்னா, ஃபைசர் இரண்டும் செய்தது எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி. அது, வைரஸின் ஒரே ஒரு புரதத்தை எப்படிச் செய்வது என்ற குறிப்பை மட்டும் உடலுக்குள் அனுப்புவது. நம் செல்களே அந்தப் புரதத்தைச் செய்யும். நோய் எதிர்ப்பு அமைப்பு அதைப் பார்த்துப் பழகிக்கொள்ளும். ஆனால் குறிப்பை அப்படியே அனுப்பினால் உடல் அதை எதிரி என்று நினைத்து அழற்சியைக் கிளப்பிவிடும். குறிப்பில் ஒரு எழுத்தை வேதியியல் ரீதியில் கொஞ்சம் மாற்றினால் இந்தத் தொல்லை அடங்கிவிடும் என்று கேட்டலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் காட்டியது 2005-இல். (நோபல் பரிசு கிடைத்தது 2023-இல். அங்கேயும் காத்திருப்புதான்.) அடுத்த சிக்கல், கொரோனா வகை வைரஸ்களின் மேலே துருத்திக்கொண்டிருக்கும் ஸ்பைக் புரதம் எளிதில் வடிவம் மாறிவிடக்கூடியது. மாறிய வடிவத்தைக் காட்டினால் உடல் தவறான பாடத்தைக் கற்றுக்கொள்ளும். அதே வகை வைரஸால் வரும் மெர்ஸ் நோயை ஆராய்ந்தவர்கள், இரண்டு இடங்களில் புரோலின் என்ற அமினோ அமிலத்தைச் செருகினால் புரதம் வடிவம் மாறாமல் நிற்கும் என்று 2017-இல் வெளியிட்டார்கள். ஆகவே மரபணு வரிசை கைக்கு வந்ததும் மாடர்னா தன் தடுப்பூசியின் வடிவத்தை இரண்டே நாளில் முடிவுசெய்துவிட்டது. ஒரே வருடத்தில் வந்த மருந்து என்பதைவிடப் பதினைந்து வருடம் தயாராகிக்கொண்டிருந்த மருந்து என்பதே சரி.

சரி, தயாரிப்பு முன்பே நடந்திருக்கட்டும். மனிதர்களிடம் செய்யும் சோதனையை எப்படிச் சுருக்கினார்கள்?

படிகளை நீக்கவில்லை, ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினார்கள். முதல் கட்டத்தின் தொடக்க முடிவுகள் நன்றாக இருந்ததும் அடுத்ததைத் தொடங்கினார்கள். அனுமதி தரும் அமைப்புகளும் மொத்தக் கோப்பும் வரட்டும் என்று உட்கார்ந்திருக்காமல், தரவு வர வரப் படித்தார்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், மருந்து வேலை செய்யுமா என்று தெரிவதற்கு முன்பே தொழிற்சாலையில் உற்பத்தியைத் தொடங்கிவிட்டார்கள். ஜாதகம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கல்யாண மண்டபத்துக்கும் சமையல்காரருக்கும் அட்வான்ஸ் கொடுப்பது மாதிரி. பொருத்தம் இல்லை என்றால் அட்வான்ஸ் போய்விடும். ஆனால் பொருந்தாத கல்யாணத்தை யாரும் நடத்திவிடப் போவதில்லை.

நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இது. வேகத்துக்காக எடுத்த ஆபத்து பண ஆபத்து. ஊசி போட்டுக்கொள்பவரின் உடம்புக்கான ஆபத்து அல்ல. அமெரிக்க அரசு 'ஆபரேஷன் வார்ப் ஸ்பீடு' என்ற பெயரில் ஆயிரம் கோடி டாலருக்கும் மேல் இப்படி இறக்கியது. புனேயின் சீரம் நிறுவனம் கோவிஷீல்டை முன்கூட்டியே தயாரித்துக் குவித்தது. 2020 டிசம்பர் கடைசியிலேயே தன்னிடம் 4 முதல் 5 கோடி டோஸ் இருப்பதாகச் சொன்னது. அனுமதி மறுக்கப்பட்டிருந்தால் அத்தனையும் குப்பைக்குத்தான்.

குப்பைக்குப் போனவையும் உண்டு, நாம்தான் அவற்றை மறந்துவிட்டோம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் ஒரு தடுப்பூசி செய்தது. ஸ்பைக் புரதத்தை வடிவம் மாறாமல் பிடித்துவைக்க, எச்.ஐ.வி. வைரஸின் புரதத்தில் ஒரு சிறு துண்டைக் கவ்வி போலப் பயன்படுத்தினார்கள். அதனால் எச்.ஐ.வி. தொற்று வராது. ஆனால் ஊசி போட்டுக்கொண்ட சிலருக்கு எச்.ஐ.வி. பரிசோதனையில் 'பாசிட்டிவ்' என்று தவறாகக் காட்டியது. ஆஸ்திரேலிய அரசு 5.1 கோடி டோஸுக்கு ஆர்டர் கொடுத்து, உற்பத்தியும் தொடங்கியிருந்தது. 2020 டிசம்பரில் எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். தடுப்பூசி உலகின் ஜாம்பவானான மெர்க் தன் இரண்டு கொரோனா தடுப்பூசிகளையும் 2021 ஜனவரியில் கைவிட்டது. எதிர்பார்த்த அளவு எதிர்ப்பு சக்தி வரவில்லை. அவசரத்தில் எதை வேண்டுமானாலும் அனுமதித்தார்கள் என்று சொல்பவர்களிடம் இந்தப் பட்டியலைக் காட்டலாம்.

மூன்றாம் கட்டம் எப்போது முடியும்?

மூன்றாம் கட்டச் சோதனைக்கு நாள்காட்டி கிடையாது. இத்தனை மாதம் என்று யாரும் வைப்பதில்லை. இத்தனை பேருக்கு நோய் வரும்வரை என்றுதான் வைப்பார்கள். ஃபைசர் சோதனையில் சுமார் 44,000 பேர் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்குத் தடுப்பூசி, பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, அவரைக் கவனித்த ஆய்வாளருக்கும் தெரியாது. எல்லோரும் அவரவர் வாழ்க்கையை வாழ்வார்கள். யாருக்காவது அறிகுறியோடு நோய் வந்தால் குறித்துக்கொள்வார்கள். நவம்பரில் இந்த எண்ணிக்கை 170 ஆனபோது ரகசியத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். உப்புநீர்க் குழுவில் 162 பேர், தடுப்பூசிக் குழுவில் 8 பேர். செய்திகளில் நாம் படித்த 95 சதவீதம் இந்த இரண்டு எண்களிலிருந்து வந்ததுதான்.

170 பேர் சீக்கிரம் சேர்ந்ததற்குக் காரணம், தொற்று அப்போது கொழுந்துவிட்டு எரிந்தது. ஊரெல்லாம் நோய் இருந்தால் சோதனை விரைவாக முடியும். கேட்கக் கொடுமையாக இருந்தாலும் உண்மை அதுதான். நோய் மெதுவாக வந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியைச் சோதிக்க 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர்ப் பக்கத்தில், இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானோரைச் சேர்த்தார்கள். காசநோய்க் கிருமி உடம்பில் பல வருடம் பதுங்கியிருக்கும். அதனால் 15 வருடம் அந்த மக்களைப் பின்தொடர வேண்டியிருந்தது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்பதே கிடைத்த விடை. (குழந்தைகளுக்கு மூளையைத் தாக்கும் காசநோய் போன்றவற்றிலிருந்து அது காக்கிறது, பிறந்ததும் இன்றும் போடுவது அதற்காகத்தான்.)

கினியில் எபோலா குறைந்துகொண்டிருந்தபோது வேறு வழி பிடித்தார்கள். ஒருவருக்கு நோய் வந்தால் அவரோடு பழகியவர்கள், பழகியவர்களோடு பழகியவர்கள் என்று ஒரு வளையம் போட்டார்கள். சில வளையங்களுக்கு உடனே ஊசி, சிலவற்றுக்கு 21 நாள் கழித்து. உடனே போட்ட வளையங்களில், ஊசி போட்டுக்கொண்ட ஒருவருக்கும் பத்து நாளுக்குப் பிறகு எபோலா வரவில்லை. பெரியம்மையை ஒழித்தபோது கையாண்ட வளைய முறையைச் சோதனைக்கும் பயன்படுத்திக்கொண்டார்கள். புத்திசாலித்தனமும் வேகம் தரும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் இது.

குறைக்கக் கூடாத காத்திருப்பும் ஒன்று உண்டு. தடுப்பூசியின் பக்கவிளைவு என்று ஏதாவது வந்தால் பெரும்பாலும் போட்ட ஆறு வாரத்துக்குள் தெரிந்துவிடும். அதனால் கடைசி டோஸுக்குப் பிறகு குறைந்தது பாதிப் பேரையாவது இரண்டு மாதம் கண்காணித்த தரவு வேண்டும் என்று அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2020 அக்டோபரில் கட்டாயமாக்கியது. தேர்தலுக்கு முன்பே ஊசி வந்துவிட வேண்டும் என்ற நெருக்கடி இருந்தும் அவர்கள் இதை விடவில்லை.

விடக் கூடாததை விட்டால்

1955 ஏப்ரல் 12. ஜோனாஸ் சால்க்கின் போலியோ தடுப்பூசி வெற்றி என்று அமெரிக்காவில் அறிவிப்பு வந்தது. அன்றே சில மணி நேரத்தில் உற்பத்தியாளர்களுக்கு உரிமம் கொடுத்துவிட்டார்கள். கலிபோர்னியாவின் கட்டர் நிறுவனம் தயாரித்த சில தொகுதிகளில் வைரஸ் சரியாகக் கொல்லப்படாமல் உயிரோடு இருந்தது. சுமார் 200 பேருக்குக் கைகால் முடக்கம், 10 பேர் மரணம். மருந்தின் வடிவத்தில் பிழை இல்லை. ஒவ்வொரு தொகுதியையும் சோதிக்கும் கண்காணிப்பில்தான் ஓட்டை. இன்று தொகுதிவாரியாகச் சோதனை இத்தனை கடுமையாக இருப்பதற்கு அந்தச் சம்பவமும் ஒரு காரணம்.

இந்தியாவில் 2021 ஜனவரி 3 அன்று கோவாக்சினுக்கு அவசர அனுமதி கிடைத்தபோது அதன் மூன்றாம் கட்ட முடிவு வந்திருக்கவில்லை. 'மருத்துவச் சோதனை முறையில்' அனுமதி என்று ஒரு விநோதமான சொற்றொடரைப் போட்டார்கள். தில்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையின் உறைவிட மருத்துவர்களே எங்களுக்குக் கோவிஷீல்டு கொடுங்கள் என்று கடிதம் எழுதினார்கள். பின்னால் வந்த முடிவு 77.8 சதவீதப் பலன் என்றது, நல்ல எண்தான். ஆனால் என் கணிப்பில், அன்று மிச்சமான சில வாரங்களைவிட அதிகமான வாரங்களை மக்களின் தயக்கம் தின்றுவிட்டது.

குப்பியிலிருந்து கைக்கு

மருந்து வந்துவிட்டது என்பதும் ஊசி போட்டாயிற்று என்பதும் ஒன்றல்ல. ஃபைசர் ஊசிக்கு அப்போது மைனஸ் 70 டிகிரி குளிர் தேவைப்பட்டது. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் அது நடக்கிற காரியம் இல்லை. கோவிஷீல்டும் கோவாக்சினும் 2 முதல் 8 டிகிரியில் இருக்கும். குழந்தைகளுக்கான தடுப்பூசிகளுக்காக ஏற்கெனவே இருக்கும் குளிர்பெட்டிகள், ஐஸ் பை வைத்துத் தோளில் மாட்டிப் போகும் பெட்டி, கிராம சுகாதார செவிலியர்கள் என்ற ஏற்பாட்டிலேயே அவை போய்விடும். அந்த ஏற்பாட்டைக் கட்ட பல பத்து வருடம் ஆனது. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஒரு குப்பியைக் கையில் எடுத்துப் பாருங்கள். பத்து டோஸ். திறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். மதியம் மூன்று மணிக்கு மூன்று பேர் வந்து நிற்கிறார்கள். திறந்தால் ஏழு டோஸ் வீணாகலாம். திறக்காமல் நாளைக்கு வாருங்கள் என்றால் அவர்கள் வராமலே போகலாம். இந்த முடிவை எடுப்பவர் அங்கே நிற்கும் செவிலியர். கூட்டம் வராத தொடக்க மாதங்களில், 2021 ஏப்ரல் நடுவரையான கணக்கில், தமிழ்நாட்டில் 12 சதவீதம் டோஸ் வீணானது. பிறகு கூட்டம் வந்ததும் வீணாவது ஏறக்குறைய நின்றுவிட்டது.

கூட்டம் ஏன் வரவில்லை என்பது தனிக் கதை. நடிகர் விவேக் ஏப்ரல் 15 அன்று சென்னையில் ஊசி போட்டுக்கொண்டு, மற்றவர்களையும் போடச் சொன்னார். மறுநாள் மாரடைப்பு, அதற்கடுத்த நாள் மரணம். தடுப்பூசிக்கும் அவர் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று பக்கவிளைவுகளை ஆராயும் தேசியக் குழு சொன்னது அக்டோபரில். ஆறு மாதம்! அந்த ஆறு மாதத்தில் வதந்தி எத்தனை வீட்டுக்குப் போயிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஆய்வகத்தில் நாள்களை மிச்சப்படுத்தப் பாடுபட்டவர்கள் இந்த அறிக்கையையும் கொஞ்சம் விரட்டியிருக்கலாம்.

2021 செப்டம்பர் 12 அன்று தமிழ்நாடு அரசு 40,000 இடங்களில் மெகா முகாம் நடத்தியது. இலக்கு 20 லட்சம் பேர். வந்தது 28 லட்சத்துக்கும் மேல். ஊசியைத் தேடி மக்கள் அலையாமல் ஊசி தெருமுனைக்கு வந்ததுதான் வித்தியாசம். பிறகு ஞாயிற்றுக்கிழமை முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். அமைச்சர் மா. சுப்பிரமணியன் சொன்ன காரணம், கறி சாப்பிடுபவர்களும் மது குடிப்பவர்களும் ஞாயிறு அன்று ஊசி போட வரத் தயங்குகிறார்கள் என்பது. எந்த விஞ்ஞானியின் திட்டத்திலும் இப்படி ஒரு வரி இருந்திருக்காது.

உற்பத்தியிலும் இப்படி எதிர்பாராத இடத்தில் அடைப்பு வரும். 2021 ஏப்ரலில் சீரம் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி அமெரிக்க அதிபரிடம் பகிரங்கமாக வேண்டிக்கொண்டது, தடுப்பூசி தயாரிக்கத் தேவைப்படும் மூலப்பொருள்களின் ஏற்றுமதித் தடையை நீக்குங்கள் என்று. வடிகட்டி, பிளாஸ்டிக் பை மாதிரியான சாதாரணச் சரக்குகள்கூட அந்த நாள்களில் உலகம் முழுக்கத் தட்டுப்பாடு. அதே நேரத்தில் செங்கல்பட்டு அருகே ஏறக்குறைய 600 கோடி ரூபாயில் எழுப்பிய மத்திய அரசின் ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம் சும்மா நின்றது. 2012-இல் ஒப்புதல் பெற்ற திட்டம். பெருந்தொற்றின் உச்சத்திலும் அங்கிருந்து ஒரு குப்பிகூட வெளியே வரவில்லை. தொழிற்சாலையை அவசரத்தின்போது தேடக் கூடாது, முன்பே ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

பணம் இல்லாத நோய்கள்

கொரோனா பணக்கார நாடுகளையும் தாக்கியது, அதனால் பணம் வந்தது. மற்ற நோய்களுக்கு? பொருளாதார நிபுணர் மைக்கேல் கிரெமர் போன்றவர்கள் சொன்ன யோசனை ஒன்று உண்டு: மருந்து வருவதற்கு முன்பே, வந்தால் இந்த விலைக்கு இத்தனை டோஸ் வாங்குகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிடுவது. வேலை செய்யாத மருந்துக்கு ஒரு பைசா கிடையாது. வேலை செய்தால் நிறுவனத்துக்குச் சந்தை நிச்சயம். 2009-இல் சில நாடுகளும் கேட்ஸ் அறக்கட்டளையும் 150 கோடி டாலர் போட்டு, ஏழை நாட்டுக் குழந்தைகளுக்கான நிமோனியா தடுப்பூசிக்கு இப்படி வாக்குறுதி கொடுத்தார்கள். மருந்து அந்த நாடுகளுக்குப் போகத் தொடங்கியது அடுத்த ஆண்டே. 2020 ஜூலையில் அமெரிக்கா ஃபைசரிடம் 195 கோடி டாலருக்கு 10 கோடி டோஸ் கேட்டதும் இதே முறையில்தான். அனுமதி கிடைத்து, சரக்கு வந்தால்தான் பணம்.

காசநோய்க்கு இப்போது எம்72 என்று ஒரு தடுப்பூசி சோதனையில் இருக்கிறது. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் கொல்லும் நோய் அது. உலக நோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியர். எம்72 சுமார் 50 சதவீதம் பாதுகாப்பு தருகிறது என்று இரண்டாம் கட்டத்தின் இறுதி முடிவு வந்தது 2019-இல். மூன்றாம் கட்டம் தொடங்கியது 2024 மார்ச்சில், தென்னாப்பிரிக்காவில். இடையில் போன நான்கரை வருடத்தில் அறிவியலுக்காகக் காத்த காலம் கொஞ்சம். யார் பணம் போடுவது, யார் தயாரிப்பது என்று பேசித் தீர்த்த காலமே அதிகம். சுமார் 20,000 பேரைக் கொண்ட இந்தச் சோதனை முடிய ஐந்து வருடம் வரை ஆகலாம். காசநோயின் இயல்பு அப்படி, அதைச் சுருக்க முடியாது. சுருக்க முடிவது அதற்குப் பிறகு வருவதை. எதிர்ப்பு சக்தியைக் கூட்ட இந்த ஊசியில் கலக்கும் ஊக்கிப் பொருளில் சேரும் ஒரு சரக்கு, சிலி நாட்டில் வளரும் ஒரு மரத்தின் பட்டையிலிருந்து வருகிறது. அதே சரக்கு மலேரியா, அக்கி ஊசிகளுக்கும் வேண்டும். முடிவு நல்லதாக வந்த பிறகு பட்டையைத் தேடிக் கிளம்பினால் இன்னும் சில வருடம் போகும். யார், எவ்வளவு வாங்குவார்கள் என்று இந்தியா மாதிரி நாடுகள் இப்போதே எழுதிக் கொடுத்தால் அந்த வருடங்கள் மிச்சம்.